கொல்லிமலை ஒளியும் டெவலப்பர் தேர்வும்

கேமராவின் திரை திறந்து மூடும் கணத்தில் பிலிமில் பதிவது கண்ணுக்குத் தெரிகிற படம் அன்று. ஜெலட்டின் படலத்தில் விரவிக் கிடக்கும் வெள்ளி புரோமைடு படிகங்களுள் ஒளி பட்டவற்றின்மேல் ஒரு சில வெள்ளி அணுக்கள் கூடி நிற்கும் மிக நுண்ணிய அடையாளம் மட்டுமே அது. 'மறைபிம்பம்' என்று அறிவியலார் வழங்கும் அந்த அடையாளத்தைக் கண்ணால் காணத்தக்க நெகட்டிவாக வளர்த்தெடுக்கும் கரைசலே உருத்துலக்கி. ஸ்டுடியோக்களிலும் இருட்டறைகளிலும் அதற்கு டெவலப்பர் என்பதே வழக்கு, அக்கரைசலில் பிலிமை இட்டு எடுக்கும் வேலைக்குப் பிலிம் கழுவுதல் என்று பெயர். ஒரு படிகத்தில் நான்கைந்து அணுக்கள் திரண்டிருந்தாலே டெவலப்பர் அந்தப் படிகம் முழுவதையும் கரிய வெள்ளியாக மாற்றிவிடும் என்பதால், ஒளி தொடங்கிவைத்த வேலை ஏறத்தாழ நூறு கோடி மடங்கு பெருகுகிறது. இவ்வளவு பெரிய பெருக்கத்தைச் செய்யும் பொருளின் குணம் படத்தின் குணமாகவே மாறிவிடுவதில் வியப்பில்லை.

எந்த டெவலப்பர் சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் இக்காரணத்தாலேயே விடை கிடைப்பதில்லை. எத்தகைய ஒளியில் எடுத்த படம், எந்தப் பிலிம், எவ்வளவு வெப்பமான நீர் என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் கேள்வி முழுமை பெறுகிறது. இம்மூன்றையும் ஒரே நாளில் சோதித்துப் பார்க்கத்தக்க நிலம் தமிழ்நாட்டில் உண்டென்றால், நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையை அதற்குச் சொல்லலாம்.

மலை காட்டும் மூன்று ஒளிகள்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கொல்லிமலை, கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்து நிற்பது. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை ஒன்று அடிவாரத்திலிருந்து அதன் மேட்டுநிலத்துக்கு ஏறுகிறது. அங்கே விடியற்காலையில் செம்மேட்டைச் சுற்றியுள்ள வயல்களிலும் சாமை, தினை, கேழ்வரகு விளையும் சரிவுகளிலும் பனிமூட்டம் தங்கும்போது, காட்சியின் மிக வெளிச்சமான பகுதிக்கும் மிக இருண்ட பகுதிக்கும் உள்ள இடைவெளி இரண்டு மூன்று ஸ்டாப் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஸ்டாப் என்பது ஒளியின் அளவு இருமடங்காகும் ஒரு படியைக் குறிப்பது; எனவே மூன்று ஸ்டாப் என்பது எட்டு மடங்கு வேறுபாடு.

அதே நாளின் நண்பகலில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கை அருவியின் அடியில் நிற்பவர் காண்பது இதற்கு நேர் எதிரான ஒளி. அய்யாறு பாறை விளிம்பிலிருந்து விழும் இடத்தில் வெயில் பட்ட நீர் கண்ணைக் கூசச் செய்ய, அதன் இருபுறமும் ஈரம் படிந்த கரும்பாறையும் மரநிழலும் இருண்டு கிடக்கின்றன. இவற்றினிடையே எட்டு ஸ்டாப், அதாவது 256 மடங்கு, வேறுபாடு ஏற்படுவது இயல்பு. மூன்றாவது ஒளி, பெரியகோவிலூரில் உள்ள அறப்பளீசுவரர் கோயிலின் கல்லின்மேல் மாலையில் சாய்ந்து விழுவது. அங்கே வெளிச்சத்தின் வீச்சைக் காட்டிலும் உளி பதிந்த தடங்களையும் கல்லின் சொரசொரப்பையும் கூர்மையாகக் காட்டுவதே படம் எடுப்பவரின் நோக்கமாக இருக்கும்.

கரைசலுக்குள் நடப்பது

எந்த டெவலப்பரை எடுத்துக்கொண்டாலும் அதில் ஐந்து பணிகள் நடைபெறுகின்றன. எலக்ட்ரான்களை வழங்கி வெள்ளி அயனியை உலோக வெள்ளியாக ஒடுக்கும் முதன்மைப் பொருள் முதலாவது; மெட்டால், ஹைட்ரோகுயினோன், பினிடோன், பாரா அமினோஃபீனால், பைரோகலால், அஸ்கார்பிக் அமிலம் ஆகியவை இவ்வகையின. இவை காரத்தன்மையுள்ள நீரிலேயே வேலை செய்யும் என்பதால் வெண்காரம், சோடியம் கார்பனேட் போன்ற ஒரு காரம் இரண்டாவதாகத் தேவைப்படுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் கரைசலைக் கெடுத்துவிடாமல் காக்கும் சோடியம் சல்பைட் மூன்றாவது; ஒளி படாத படிகங்களும் கருத்துப்போய் நெகட்டிவ் முழுவதும் மூட்டம் படிவதைத் தடுக்கும் பொட்டாசியம் புரோமைடு போன்ற அடக்கி நான்காவது; இவை அனைத்தையும் கரைத்துப் படலத்துக்குள் கொண்டு செல்லும் நீர் ஐந்தாவது. சில கலவைகளில் அடக்கி தனியாகச் சேர்க்கப்படுவதில்லை. படிகம் கருக்கும்போது வெளியேறும் புரோமைடே அவ்வேலையைச் செய்கிறது.

கோடக் நிறுவனத்தின் ஜான் காப்ஸ்டாஃப் 1920களில் திரைப்படப் பிலிம்களுக்காக வகுத்த டி-76 என்னும் கலவையைப் பார்த்தால் இந்த ஏற்பாடு தெளிவாக விளங்கும். ஒரு லிட்டர் நீரில் மெட்டால் 2 கிராம், சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம் என்பதே அதன் முழு வாய்பாடு. இல்ஃபோர்டு நிறுவனம் ஐடி-11 என்ற பெயரில் விற்பதும் இதை ஒத்ததே. இதன் மென்மையான காரத்தில் ஹைட்ரோகுயினோன் தனித்து நின்றால் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் எலக்ட்ரானைக் கொடுத்துக் களைத்த மெட்டாலுக்கு அது மீண்டும் எலக்ட்ரான் வழங்கி உயிரூட்டுவதால், இரண்டும் தனித்தனியே செய்யும் வேலையின் கூட்டுத்தொகையைவிடச் சேர்ந்து செய்யும் வேலை மிகுதியாகிறது. சல்பைட் 100 கிராம் அளவுக்குச் சேர்க்கப்படுவதற்கும் காரணம் உண்டு: அந்தச் செறிவில் அது காவலனாக மட்டும் நில்லாமல், படிகங்களின் ஓரங்களைச் சிறிதளவு கரைத்து, கிரெயின் எனப்படும் வெள்ளிக் குருணைகளை மென்மையாக்குகிறது, அதற்கு விலையாக விளிம்புகளின் கூர்மை சற்றே குறைகிறது.

குருணையும் கூர்மையும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும் இந்த இழுபறியே டெவலப்பர் தேர்வின் அடிப்படை. டி-76 கரைசலைச் சம அளவு நீரில் கலந்தால் சல்பைட்டின் செறிவு பாதியாகி, குருணை சிறிது துலங்கி, கூர்மை கூடுகிறது. மூன்று பங்கு நீர் சேர்த்தால் இவ்விளைவு மேலும் வலுப்பெறுகிறது.

குடும்பங்களும் குணங்களும்

வகைகள் பல இருந்தாலும் இன்று வழங்கும் டெவலப்பர்களைச் சில குடும்பங்களாகப் பிரித்துப் பார்ப்பது எளிது. டி-76, ஐடி-11, மெட்டால் 7.5 கிராமும் சல்பைட் 100 கிராமும் மட்டுமே கொண்ட டி-23 ஆகியவை மென்குருணைக் குடும்பத்தின. நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே சமநிலையான நெகட்டிவைத் தருவது இவற்றின் இயல்பு. ஜெர்மனியின் ஆக்ஃபா நிறுவனம் 1891 முதல் விற்கத் தொடங்கிய ரோடினால் வேறொரு குடும்பம். பாரா அமினோஃபீனாலைக் கடுங்காரத்தில் கரைத்த செறிநீர்மமான அதை 1 பங்குக்கு 25, 50, சில வேளைகளில் 100 பங்கு நீர் என்று கலந்து ஒருமுறை மட்டும் பயன்படுத்திவிட்டு நீக்கிவிடுவார்கள். படிகங்களைக் கரைக்கும் அளவுக்குச் சல்பைட் அதில் இல்லாமையால் குருணை மறைக்கப்படுவதில்லை. விளிம்புகள் செதுக்கினாற்போல் நிற்கும். மூடி இறுகிய புட்டியில் அந்தச் செறிநீர்மம் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருப்பது, எப்போதாவது ஒரு ரோல் கழுவுபவருக்குப் பெரிய வசதி.

இல்ஃபோர்டு நிறுவனத்தின் கெண்டால் 1940இல் கண்டறிந்த பினிடோனை மெட்டாலுக்கு மாற்றாகக் கொண்டவை மூன்றாவது குடும்பம். நிழற்பகுதியின் நுட்பங்களைச் சிறிது கூடுதலாக மீட்டுத் தரும் இவை, மெட்டாலால் தோல் அழற்சி உண்டாகும் சிலருக்கு ஏற்ற மாற்றாகவும் அமைகின்றன. கோடக் 1996இல் வெளியிட்ட எக்ஸ்டால், பினிடோன் இனப் பொருளோடு வைட்டமின் சி-யின் உறவினமான அஸ்கார்பேட்டைச் சேர்த்து, ஹைட்ரோகுயினோனை அறவே விலக்கியது. மென்குருணை, கூர்மை, நிழல் விவரம் என்ற மூன்றையும் ஒருங்கே எட்டிப்பிடிப்பதில் அது பெயர் பெற்றது. பைரோகலாலை அடிப்படையாகக் கொண்ட பைரோ வகைகளோ, வெள்ளி படியும் இடமெல்லாம் ஜெலட்டினை இறுக்கி மஞ்சள் பச்சைக் கறையையும் ஏற்றுவதால், குருணைகளுக்கு இடையிலான வெளி நிரம்பி அருவியின் வெண்மை போன்ற மிகை வெளிச்சப் பகுதிகள் நயமாக அச்சாகும். ஆனால் பைரோகலால் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும் நஞ்சு என்பதால், கையுறையும் நல்ல காற்றோட்டமும் இல்லாத வீட்டு இருட்டறைக்கு அது தகாது.

நீர் கலந்த டெவலப்பர் எதுவாயினும் அதில் வெளிப்படும் ஈடுசெய்யும் விளைவு ஆகாய கங்கை போன்ற காட்சிக்கு மிகவும் உதவுவது. வெளிச்சம் மிகுதியாகப் பட்ட பகுதியில் கருக்க வேண்டிய படிகங்கள் ஏராளம் என்பதால், அங்குள்ள நீர்த்த டெவலப்பர் விரைவில் ஆற்றல் இழப்பதோடு, வெளியேறும் புரோமைடும் அங்கேயே தங்கி வேகத்தைக் குறைக்கிறது. நிழற்பகுதியிலோ செலவு குறைவாதலால் வேலை இடைவிடாது தொடர்கிறது. பிலிம் டேங்கை அடிக்கடி குலுக்கினால் புதுக் கரைசல் எங்கும் பாய்ந்து இந்த நன்மை அழிந்துவிடும் என்பதால், நிமிடத்துக்கு ஒருமுறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வெப்பமும் நீரும்

டெவலப்பர் உறைகளில் அச்சிட்ட நேரங்கள் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியசுக்குக் கணக்கிட்டவை. கோடையில் நாமக்கல் சமவெளியின் குழாய் நீர் அதைவிடப் பல டிகிரி கூடுதலாகவே இருக்கும். வெப்பம் ஒரு டிகிரி ஏறும்போது கழுவும் நேரம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைய வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் பிலிமுக்கு நீர் கலவாத ஐடி-11 கரைசலில் 20 டிகிரியில் வேண்டிய நேரம் ஏழரை நிமிடம். 28 டிகிரியில் அது மூன்றே கால் நிமிடத்துக்கும் குறைந்துவிடுகிறது. ஐந்து நிமிடத்துக்குக் குறைந்த நேரத்தில் கரைசலை ஊற்றவும் வடிக்கவும் ஆகும் வினாடிகளே படத்தில் திட்டுத் திட்டான அடர்த்தி வேறுபாட்டை உண்டாக்கும். அதே கரைசலைச் சம அளவு நீர் கலந்து பயன்படுத்தினால் 20 டிகிரியில் 13 நிமிடமும் 28 டிகிரியில் ஐந்தரை நிமிடமும் ஆகும். மூன்று பங்கு நீர் சேர்த்தால் 20 நிமிடம் என்பது எட்டரை நிமிடமாகும். வெப்ப நாட்டில் டெவலப்பரை நீர்த்துப் பயன்படுத்துவது சிக்கனத்துக்காக மட்டும் அன்று, சீரான நெகட்டிவுக்கும் அதுவே வழி என்பதை இக்கணக்கு காட்டுகிறது. நீர்த்த கரைசலில் ஒரு ரோலுக்குப் போதுமான மூலக்கரைசல் இருக்க வேண்டும் என்பதால், மூன்று பங்கு நீர் சேர்ப்பவர் பெரிய டேங்கைப் பயன்படுத்துவது அவசியம்.

பனிக்கட்டி போட்டு டெவலப்பரை மட்டும் 20 டிகிரிக்கு இறக்கிவிட்டு, பிறகு 30 டிகிரி குழாய் நீரில் பிலிமை அலசுவது, குறைந்த நேரத்தில் கழுவுவதைவிடத் தீங்கானது. திடீர் வெப்ப மாற்றத்தில் ஜெலட்டின் சுருங்கி விரிந்து நெகட்டிவ் முழுவதும் வலைப்பின்னல் போன்ற வெடிப்புகள் தோன்றக்கூடும். டெவலப்பர், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ, அலசும் நீர் ஆகிய அனைத்தையும் ஒரே தொட்டியில் வைத்து இரண்டு டிகிரிக்குள் ஒத்திருக்கச் செய்வதே பாதுகாப்பானது. நீர் கசிந்து ஆவியாவதால் தானே குளிரும் மண்பானை நீரை அத்தொட்டிக்குப் பயன்படுத்தலாம். கொல்லிமலையில் இரவு நேர நீர் இயல்பாகவே சமவெளி நீரைவிடக் குளிர்ந்திருப்பதால், மலையில் தங்குபவருக்கு இந்தத் தொல்லை பாதியாகக் குறைகிறது.

இதே காரணங்கள் நாட்டின் பிலிம் தொழிற்சாலைக்கான இடத்தையும் தீர்மானித்தன. நடுவண் அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1960இல் உதகமண்டலத்தில் அமைக்கப்பட்டு, பிரான்சின் பாஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. தூசியற்ற காற்றும் குளிர்ச்சியும் நல்ல நீரும் வெள்ளிப் படலத்துக்கு இன்றியமையாதவை. இந்து என்ற பெயரோடு அங்கிருந்து வந்த பிலிமும் தாளும் தமிழ்நாட்டின் ஊர்தோறும் ஸ்டுடியோக்களில் புழங்கின. அந்த ஆலை மூடப்பட்டபின் கறுப்பு வெள்ளைப் பிலிம் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது.

நீரின் தரமும் வெப்பத்துக்கு இணையான கவனம் பெற வேண்டியது. ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரில் உள்ள கால்சியம் டெவலப்பரில் வெண்படிவாகப் பிரிந்து பிலிமில் ஒட்டும். பாக்சைட்டும் இரும்புச் சத்தும் நிறைந்த செம்மண் பகுதிகளின் நீரில் இரும்பு கலந்திருக்குமானால், அது அஸ்கார்பேட் வகை டெவலப்பரை வேகமாக ஆக்சிஜனேற்றம் செய்து, நிறத்தில் எந்த அறிகுறியும் காட்டாமலேயே செயலிழக்க வைக்கும். எக்ஸ்டால் போன்றவற்றைக் காய்ச்சி வடித்த நீரில் மட்டுமே கரைக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

காட்டிலும் தோட்டத்திலும் விளையும் டெவலப்பர்

டெவலப்பரின் வரலாறு தாவரங்களிலிருந்தே தொடங்கியது. இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்போட் 1840இல், மாசிக்காயிலிருந்து பெறும் காலிக் அமிலம் தாளில் பதிந்த மறைபிம்பத்தை வெளிக்கொணர்வதைக் கண்டறிந்தார். மதராஸ் அரசின் ஒளிப்படக் கலைஞராக நியமிக்கப்பட்ட லினியஸ் டிரைப், மதுரை, தஞ்சை, திருவரங்கக் கோயில்களை எடுத்த அதே பயணத்தில் ராயக்கோட்டை உள்ளிட்ட சேலம் மாவட்ட இடங்களையும் படமெடுத்து 1858இல் தொகுதியாக வெளியிட்டார். கொல்லிமலையும் அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. அவர் கையாண்ட மெழுகுத்தாள் நெகட்டிவ்கள் காலிக் அமிலத்தால் உருத்துலக்கப்படும் முறையைச் சேர்ந்தவை. அதே அமிலம், தோல் பதனிடவும் துணிக்குச் சாயமேற்றவும் தமிழர் நெடுங்காலம் பயன்படுத்திய கடுக்காயிலும் உண்டு. கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அந்த மரம் தானாகவே வளர்கிறது.

கொல்லிமலைத் தோட்டங்களில் மிளகுக் கொடிகளின் பக்கத்தில் விளையும் காப்பிக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் ஸ்காட் வில்லியம்சும் அவருடைய மாணவர்களும் 1995இல், உடனடிக் காப்பித் தூளையும் சலவைச் சோடாவையும் கலந்த நீர் பிலிமைக் கழுவும் என்று காட்டினர். காப்பியிலுள்ள கஃபீயிக் அமிலம், ஹைட்ரோகுயினோனைப் போலவே வெள்ளி அயனிக்கு எலக்ட்ரான் வழங்கவல்லது. கஃபினால் என்று பெயர் பெற்ற இக்கலவையில் பின்னர் வைட்டமின் சி சேர்க்கப்பட்டு வேகம் கூட்டப்பட்டது. ஒரு லிட்டர் நீரில் நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், உடனடிக் காப்பித் தூள் 40 கிராம், 20 டிகிரியில் 15 நிமிடம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. இதனால் கிடைக்கும் நெகட்டிவில் பழுப்புக் கறை படியும், குருணையும் சற்றே தெரியும். ஆனால் ஒளி, ஒடுக்கம், காரம் என்னும் பாடங்களைப் பள்ளி ஆய்வகத்தில் ஒரே வகுப்பில் கண்முன் நிறுத்த இதைவிட எளிய சோதனை கிடைப்பது அரிது.

முடிவாக எதைக் கொள்வது

ஒரு படத்துக்கு ஒரு தகடு என்று எடுத்த காலத்தில் ஒவ்வொரு காட்சிக்கும் ஏற்பத் தனித்தனியே கழுவ முடிந்தது. 35 மில்லிமீட்டர் ரோலில் காலைப் பனியும் நண்பகல் அருவியும் மாலைக் கோயிலும் அடுத்தடுத்துப் பதிந்திருக்க, 36 படங்களும் ஒரே கரைசலில் ஒரே நேரம்தான் கிடக்க முடியும். நிழலின் விவரம் பெரும்பாலும் கேமராவில் கொடுத்த ஒளியளவாலும், வெளிச்சப் பகுதியின் அடர்த்தி கழுவும் நேரத்தாலும் தீர்மானிக்கப்படுகின்றன. பனிமூட்டப் படத்தின் மங்கலை அச்சிடும்போது மாறுபாடு மிகுந்த தாளால் சரிசெய்துகொள்ளலாம். அடர்த்தி மிஞ்சிக் கருத்துப்போன அருவியின் நெகட்டிவிலிருந்து நீரின் இழைகளை மீட்பதோ மிகக் கடினம். ஆகவே மூன்று ஒளிகளும் கலந்த ரோலுக்கு, நிழலுக்குத் தாராளமாக ஒளி கொடுத்துவிட்டு, ஈடுசெய்யும் குணமுள்ள டெவலப்பரில் நிதானமாகக் கழுவுவதே ஏற்றது.

அந்த அளவுகோலின்படி, டி-76 அல்லது ஐடி-11 கரைசலைச் சம அளவு நீரில் கலந்து பயன்படுத்துவது கொல்லிமலைக்கும் அதன் அடிவாரத்துக்கும் பொதுவான முதல் தேர்வு. கோடையிலும் அருவிப் படங்களிலும் மூன்று பங்கு நீர். வேகம் குறைந்த பிலிமில் கோயிற் கல்லை மட்டும் எடுத்த ரோலுக்கு, 50 பங்கு நீரில் கலந்த ரோடினால். பொதிந்து விற்கும் டெவலப்பர் எட்டாதவர்கள், வேதிப்பொருள் கடைகளில் கிடைக்கும் மெட்டாலையும் சல்பைட்டையும் நல்ல தராசில் நிறுத்து டி-23 தயாரித்துக்கொள்ளலாம்; செறிந்த சல்பைட் நீரில் மெட்டால் கரையாது என்பதால், ஒரு சிட்டிகை சல்பைட்டுக்குப் பிறகு மெட்டாலையும், அது கரைந்த பின்னரே எஞ்சிய சல்பைட்டையும் இட வேண்டும். எதைத் தேர்ந்தாலும் ஓராண்டேனும் அதையே கையாண்டு, ஒவ்வொரு ரோலின் வெப்பத்தையும் நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதிவருபவருக்கே அந்த டெவலப்பர் தன் முழுத் திறனைக் காட்டும்.

வேலை முடிந்தபின் எஞ்சும் கரைசல்களைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். பயன்படுத்திய ஹைப்போவில் கரைந்துள்ள வெள்ளியும், டெவலப்பரில் மிஞ்சிய ஹைட்ரோகுயினோனும் மீனுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் கேடு செய்பவை. மலையில் பிலிம் கழுவுபவர்கள் அவற்றை ஓடையில் கொட்டாமல் கேனில் அடைத்துக் கீழே கொண்டு வந்து, ஹைப்போவில் இரும்புக் கம்பிச் சுருளை இட்டு வெள்ளியைப் படியவைத்துப் பிரித்தெடுத்த பின்னரே முறையாக அகற்ற வேண்டும். அறப்பளீசுவரரின் கோயிலருகே ஓடி ஆகாய கங்கையாக விழும் அய்யாற்று நீர், கீழேயுள்ள ஊர்களுக்குக் குடிநீராகவும் பாசன நீராகவும் செல்கிறது.